காது குத்தினதுக்கு அழுகிறான் என்றார்கள்

என் தங்கை மகனுடைய பையனுக்கு மூன்று வயதில் காது குத்தினோம். வீட்டில் இடம் பற்றாது என்று, விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு பழைய வீட்டைக் கண்டனூரில் எடுத்திருந்தார்கள். முன்வாசல் பெரிது. சமையல்கட்டுக்குப் போகிற உள்வாசல் தாழ்ந்தது, குனிந்துதான் போக வேண்டும். எனக்குக் கூட்டம் ஆகாது. அந்த உள்வாசல் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள். பையன் வீறிட்டான்.

“மாமன் மடியில உக்காந்தா வலிக்காதாம்ல?”

“அப்ப மாமனுக்கும் ஒரு குத்து குத்திப் பாப்பமா?”

கூட்டம் சிரித்தது. அழுகையை அமர்த்த மாமன் அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “ஆனை வருது, ஆனை வருது” என்று உள்ளே ஓடி வந்தார். வாசலில் தன் தலைக்கு மட்டும் குனிந்தார். மேலே இருந்தவன் தலை நிலைக்கட்டையில் இடித்த சத்தம் கேட்டது. பையன் கொஞ்ச நேரம் அழவே இல்லை. பிறகு அழுதான்.

மாமன் என்னைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல அத்தை. யார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீக.” தலையைத் தேய்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

பந்தி நடக்கும்போது பையன் அம்மாவின் பட்டுப்புடவையில் வாந்தி எடுத்தான். பாயசம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். கண் பட்டுவிட்டது என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மறுபடியும் எடுத்தான். அப்புறம் தூங்கிப்போனான். அழுத அலுப்பு என்றார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து, யாரையோ பார்ப்பது போலப் பார்த்து, மூடிக்கொண்டான்.

மாமனிடம் போனேன். “தம்பி, நீங்களே சொல்லிருங்க.”

“கறி ஆறுது, போய் உக்காருங்க அத்தை.”

ஆண்கள் நிற்கிற இடத்தில் நான் பேசியதில்லை. தங்கை மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போப்பா.”

“எதுக்குப் பெரியம்மா?”

“கொண்டு போ.”

நான் அவனிடம் எதையும் கேட்டவள் இல்லை. காரை எடுத்தான். பையனின் அம்மாவும் மாமனும் நானும் ஏறிக்கொண்டோம்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டர், “எங்கயாவது விழுந்தானா?” என்றார்.

“இல்ல சார், காதுதான் குத்துனோம்” என்றாள் அம்மா. டாக்டர் காதைத் திருப்பிப் பார்த்தார். மாமன் கதவோரம் செல்போனைப் பார்த்தபடி நின்றார்.

“நிலையில இடிச்சிருச்சு” என்றேன். “மாமன் தோள்ல வச்சுக்கிட்டு ஓடுனாக.”

டாக்டரின் கை காதை விட்டுத் தலைக்குப் போனது. “கட்டில்லருந்து விழுந்தான், படியில உருண்டான், பைக்குல முன்னாடி நிக்க வச்சோம்னு வருவாங்க. இந்த மாதிரி இடிச்சத யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னாத்தாம்மா எங்களுக்குத் தெரியும்.”

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளை குலுங்கியிருக்கிறது, இங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்தால் மாமன் இல்லை.

சாயங்காலம் பையன் விழித்து, “அம்மா, தண்ணி” என்றான். அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமும் வந்ததாகத் தெரியவில்லை.

“எந் தம்பி இனி எங்க வீட்டுப் படியேற மாட்டான் அத்தை” என்றாள். பிறகு செல்போனில் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்தாள். “நான் பேசுனா வச்சிருவான். நீங்க சொல்லுங்க.”

மாமன் எடுத்தார்.

“முழிச்சிட்டான். தண்ணி கேட்டான்” என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. நானும் வைக்கவில்லை.