என் ஹீலரை வளர்த்தவள்

என் தங்கைக்கு எங்கள் வீட்டில் புத்தம்புதிதாக வாங்கிக் கொடுத்த ஒரே பொருள் மூக்குத்தி. அதுவும் எனக்கு மூக்கு குத்தவில்லை என்ற ஒரே காரணத்தால். மற்றதையெல்லாம் நான் மூன்று வருடம் முன்னதாகவே பிறந்து, பயன்படுத்தி முடித்து, அவளுக்காகத் தயாராக வைத்திருந்தேன். குறுக்குக் கம்பி வைத்த என் சைக்கிளைத்தான் அவள் ஓட்டினாள். முள் உடைந்த காம்பஸோடு என் ஜியோமெட்ரி பாக்ஸ் அவளுக்குப் போனது. தப்பான விடைகளை நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்த கைடுகளைப் படித்து, அந்தக் கோடுகளையெல்லாம் தாண்டி, என்னைவிட நாற்பது மார்க் அதிகம் வாங்கினாள். ஒவ்வொரு பொருள் கைமாறும்போதும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "நல்லாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் வரும்."

ஆகவே, பிற்பாடு ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் எனக்கு வேண்டாத ஓர் ஆள் மிஞ்சியபோது அதையும் அவள் தலையில் கட்டியதில் எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை. குடும்ப வழக்கம்.

இரண்டாயிரங்களின் பிற்பாதி. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. ஹாலில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். எனக்கு நாவலூரில் ஓர் ஆபீஸில் மதிய ஷிஃப்ட். காலை முழுக்க ஓய்வு. அந்த ஓய்வில் நான் இரும்புக் கவசம் போட்ட ஒரு மாவீரன். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் இணையம் வழியாக ஒரே காட்டுக்குள் வந்து அரக்கர்களை அடிக்கும் விளையாட்டு அது. அடிக்க அடிக்க லெவல் ஏறும். எழுபது வரை ஏறினால் உச்சம். நான் இரண்டு வருடத்தில் ஏறியிருந்தேன். ஆபீஸில் அதே இரண்டு வருடத்தில் ஓர் அங்குலம்கூட ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் குழுவில் பதினோரு பேர். தாம்பரம், பல்லாவரம், மேடவாக்கம் என்று எல்லாரும் இந்தப் பக்கத்து ஆட்கள். தலைவர் குரோம்பேட்டையில் இருந்தார். நாற்பது தாண்டியவர், ஏதோ வங்கியில் அதிகாரி. அவரை எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். டிராகனைக் கொல்லப் போகும்போதுகூட ஆடிட்டுக்குப் போகிற முகத்தோடுதான் கூட்டிப் போவார் என்று எனக்கு ஓர் எண்ணம். முகத்தைப் பார்த்ததில்லை. மைக் வைத்துப் பேச எங்கள் இணைப்புகளுக்குச் சக்தி கிடையாது. எல்லாம் டைப் அடித்துத்தான்.

குழுவில் இரண்டு ஹீலர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் அடி வாங்கும்போது மந்திரம் போட்டு உயிரை ஏற்றிவிடுவது ஹீலரின் வேலை. அந்த இருவரில் ஒருவருக்குக் கல்யாணம் ஆனது. அதன்பின் அவர் எங்கள் யாருக்கும் உயிர் கொடுக்க வரவில்லை.

"நம்மகிட்ட அடிக்கிறவன் நாலு பேர் இருக்கீங்க தம்பி," என்றார் சார். "ஒருத்தர் போய் ஹீலர் வளர்த்துட்டு வாங்க. அஞ்சு மாசத்துல பெரிய டிராகனுக்குப் போறோம்."

வகுப்பில் ஒருநாளும் கை தூக்காத நான் அன்று தூக்கினேன்.

ஒரே அக்கவுண்டில், முதல் ஆளை விட்டுவிட்டு இன்னோர் ஆளைப் புதிதாகத் தொடங்கி வளர்ப்பதற்கு ஆல்ட் என்று பெயர். உச்சாணியில் இருந்தவன் மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து அணில், ஆடு எழுத வேண்டும். பன்றி அடி, பத்து பன்றி அடித்ததும் ஊர்த்தலைவரிடம் போய்ச் சொல், அவர் இன்னும் பத்து கேட்பார். நான் தாடி வைத்த ஒரு கிழவரை உருவாக்கி, என் வீரனின் மூட்டையில் வேண்டாமல் கிடந்த களிமண் நிற அங்கி ஒன்றை அவருக்கு மாட்டி அனுப்பினேன். மூன்று வாரத்தில் கிழவர் ஒன்பதாவது லெவலில் நின்றார். எனக்கு அதற்குமேல் பன்றி பிடிக்கவில்லை.

தங்கை அப்போது கல்லூரியில் கடைசி வருடம். காலை ஏழேகால் ரயில் பிடித்துப் போய் மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவாள். ஒப்பந்தம் இப்படி: தினமும் காலையில் நான் அவளை பைக்கில் தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிட வேண்டும், தினமும் சாயங்காலம் அவள் என் கிழவரை ஏற்றிவிட வேண்டும்.

"யாராவது பேசினா நான்தான்னு சொல்லிடு," என்றேன். அக்கவுண்டை இன்னொருவரிடம் கொடுப்பது சாருக்குப் பிடிக்காது.

"உன்னை மாதிரி எப்படி டைப் அடிக்கிறது? தப்புத் தப்பாவா?"

"ரொம்பப் பேசாதடி. பன்னிய அடி."

அவள் பன்றியை அடித்தாள். ஆனால் என்னைப் போல அல்ல. ஊர்த்தலைவர் எதற்குப் பன்றி கேட்கிறார் என்பதை உட்கார்ந்து படித்தாள். "பாவம்டா, அவர் வயல அழிக்குதாம்," என்று என்னிடம் விளக்கினாள். எழுபது லெவல் ஏறிய எனக்கு அந்த ஊரில் வயல் இருப்பதே அன்றுதான் தெரியும். வழியில் அடிபட்டுக் கிடக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் உயிர் ஏற்றிவிட்டுப் போனாள். இதனால் நேரம் வீணாகிறது என்று நான் கண்டித்தேன். இரண்டாவது மாதம் கிழவர் நாற்பதில் நின்றார்.

அறுபதைத் தாண்டியதும் குழு சாயங்காலங்களில் சின்னச் சின்னப் பயிற்சிகளுக்குக் கிழவரைக் கூட்டிப்போகத் தொடங்கியது. என் ஆபீஸ் நேரம் அங்கே யாருக்கும் தெரியாது; மறுநாள் காலை நான் வீரனாக உள்ளே போனால் பாராட்டு காத்திருக்கும்.

"தம்பி, நேத்து பிரமாதம். ஒருத்தர்கூட சாகல."

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் சார்."

"ஹீலரா வந்தா நீ வேற ஆளு மச்சான்," என்பான் பல்லாவரத்துக்காரன். "டீ குடிச்சாச்சான்னுலாம் கேக்கற. கண்ணு கலங்குது."

சண்டை தொடங்குமுன் எல்லாரையும் டீ குடிச்சாச்சா என்று கேட்பது அவள் பழக்கம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். அதையும் வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடுத்தவர் மார்க்கை ரசிப்பதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு.

டிராகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று முடிவாயிற்று. ஹீலராகக் கிழவரைத்தான் சார் எழுதியிருந்தார். சனிக்கிழமை அவள் கேட்டாள்: "நாளைக்கு நான்தானே?"

"நீயா? அது என் ஆல்ட்."

"பேரு வெச்சது மட்டும்தான் நீ. ஒன்பது லெவலுக்கு மேல ஒரு பன்னி அடிச்சிருப்பியா?"

"என்னோட அக்கவுண்ட்."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கிழவரைப் பற்றி அம்மாவுக்கு இருந்த அறிவு, ஏதோ கோழி மாதிரி வளர்க்கிறார்கள் என்கிற அளவில்தான். "அவதானேடா வளர்த்தா? அவகிட்டயே குடுத்துடேன்."

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா."

தங்கை சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதில்கள் தயாராக வைத்திருந்தேன். அவளோ ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரிக்க ஆரம்பித்தாள். சைக்கிளுக்கும் ஜியோமெட்ரி பாக்ஸுக்கும் ஒன்றும் சொல்லாமல் இருந்தாளே, அதே முகம். இத்தனை வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததாகவே காட்டிக்கொண்டதில்லை. அன்றும் அப்படியே.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் நாற்காலியில். தங்கை எனக்குப் பின்னால், கையில் காபி டம்ளருடன், வேடிக்கை பார்க்க.

டிராகன் குகையிலிருந்து வெளியே வந்தது. கீபோர்டில் எந்த மந்திரத்தை எந்த விசையில் அவள் வைத்திருக்கிறாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டிருக்கலாம். கேட்டால் அது யாருடைய ஆல்ட் என்று தெரிந்துவிடும். குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன். முன்வரிசையில் நிற்பவரைக் காக்க வேண்டிய பெரிய கவச மந்திரம் என்மேலேயே வந்து விழுந்தது. இன்னொன்றை அழுத்தினேன், கிழவர் நடனம் ஆடினார். டிராகன் திரும்பியது. இரண்டு வருடம் வீரனாக இருந்தவனுக்கு அந்த நொடியில் தோன்றக்கூடியது ஒன்றுதான். களிமண் அங்கியும் தாடியும் பறக்க நேராக ஓடிப்போய், கையிலிருந்த தடியால் டிராகனின் கால் சுண்டுவிரலில் ஓர் அடி அடித்தேன்.

முதலில் கிழவர் செத்தார். மற்ற ஒன்பது பேரும் அரை நிமிடத்தில் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள்.

"தம்பி," என்று சார் டைப் அடித்தார், "உடம்பு சரியில்லையா?"

"கை வழுக்கிடுச்சு சார்."

இரண்டாவது முறை கை வழுக்கவில்லை. ஆனால் செத்தோம். இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாக.

பல்லாவரத்துக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா மச்சான் பேஜார் பண்ற? ஆடறது நீதானா? உன் தங்கச்சி கிங்கச்சி யாரையாவது உக்கார வெச்சிருக்கியா? எழுந்துக்க சொல்லு, நீ உக்காரு!"

பின்னால் காபி உறிஞ்சும் சத்தம் நின்றது.

நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை, அணைத்துவைத்த டி.வி.யின் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. திரையில் இருந்த அந்த வரியை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறாங்கல்ல, பதில் சொல்லு," என்றாள்.

சொல்லலாம்தான். ஆமாம், தங்கச்சிதான் ஆடினாள், இதோ நான் வந்துவிட்டேன் என்று ஒரு வரி அடித்தால் போதும். இரண்டு சாவும் அவள் கணக்கில் போய்விடும். இதுவரை வந்த புகழ் என் கணக்கில் நிற்கும். நான் எவ்வளவு யோக்கியன் என்றால், அந்த வரியில் முதல் இரண்டு வார்த்தைகளை அடித்தும்விட்டேன். பிறகு டி.வி. கண்ணாடியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அழித்தேன்.

"ஆடறது நான்தான்," என்று அடித்தேன். "இத்தனை நாளா ஆடினதுதான் தங்கச்சி."

பத்துப் பிணங்கள் குகை வாசலில் அமைதியாகக் கிடந்தன.

கடைசியில் சார் கேட்டார்: "ஒண்ணுலேர்ந்து எழுபது வரைக்குமா?"

"ஒன்பதுலேர்ந்து சார்."

"டீ குடிச்சாச்சான்னு கேட்டது?"

"அதுவும் அவதான் சார்."

"அக்கவுண்டைக் கை மாத்தறது எனக்குப் பிடிக்காதுன்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்போ நீங்க எழுந்திருங்க தம்பி."

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். முதலில் நாற்காலியைச் சரிசெய்தாள்; பிறகு நான் கலைத்து வைத்திருந்த மந்திரங்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்தாள். பிறகு டைப் அடித்தாள்: "வணக்கம். எல்லாரும் டீ குடிச்சாச்சா? குடிக்காதவங்க போய்க் குடிச்சிட்டு வாங்க. அஞ்சு நிமிஷம்."

"இதான்! இதான் மச்சான் நம்ம ஹீலர்!" என்றான் பல்லாவரத்துக்காரன். பிறகு அவசரமாக, "சாரி, மச்சான் இல்ல... தங்கச்சி," என்று திருத்திக்கொண்டான்.

அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு வீட்டில் ஒரு புதிய பதவி கிடைத்தது. எங்கள் தெருவில் வோல்டேஜ் குறைவு. மிக்ஸி ஓடினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்று அம்மாவைச் சட்னி அரைக்க விடாமல் தடுப்பதுதான் வேலை. மாவீரன் மிக்ஸிக்குக் காவல் நின்றான்.

"இன்னும் எவ்ளோ நேரம்டா?" என்றாள் அம்மா, தேங்காயும் கையுமாக.

"டிராகன் கொஞ்சம்தான் பாக்கி இருக்கும்மா."

"அவ ஆடறாளா?"

"ஆமா."

அம்மா தேங்காயைக் கீழே வைத்துவிட்டு ஹாலுக்கு வந்து நின்றுகொண்டாள்.

டிராகன் நான்காவது முறையில் விழுந்தது. விழுந்ததும் அதன் வயிற்றிலிருந்து வந்த பொருட்களைப் பங்கிடுவார்கள். அதில் ஓர் அங்கி. நீல நிறம், ஓரத்தில் வெள்ளிச் சரிகை, ஹீலர்களுக்கு மட்டுமே அதனால் பலன்.

"இது தங்கச்சிக்கு," என்றார் சார். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

இன்னொரு ஹீலர்கூட வாய் திறக்கவில்லை.

அவள் உடனே அணியவில்லை. அங்கியின் படத்தைப் பெரிதாக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் கேட்டாள்: "இதை யாரும் முன்னாடி போட்டதில்லையே?"

"டிராகன் போட்டிருந்தா எனக்குத் தெரியாது," என்றேன். சொல்லிவிட்டு மறுபடி மிக்ஸிக்குக் காவல் நிற்கப் போனேன்.

முடிந்து போகும்போது சார் எனக்காக ஒரு வரி விட்டுவிட்டுப் போனார். ஒரே அக்கவுண்ட் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வரமுடியும்; ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கச்சி வரட்டும், நீங்கள் வாரநாட்களில் பன்றி அடிக்கலாம்.

திங்கட்கிழமை வழக்கம்போல ஏழேகால் ரயிலுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். ஸ்டேஷன் வாசலில் இறங்கி, "இன்னைக்குத் தபால் பாரு," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

வீட்டுக்கு வந்து வீரனாக உள்ளே போனேன். விளையாட்டுக்குள்ளேயே ஒரு தபால்பெட்டி உண்டு. அதில் எனக்கு ஒரு பார்சல். அனுப்பியவர் தாடிக் கிழவர். பிரித்தால் அந்தக் களிமண் நிற அங்கி. கூடவே ஒரு வரி:

"நல்லாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் வரும்."

வீரர்கள் துணி அங்கி அணியக்கூடாது என்று அந்த விளையாட்டில் சட்டம் இல்லை. யாரும் அணிவதில்லை, அவ்வளவுதான். இரும்புக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு, ஊர் நடுவில் இருந்த சதுக்கத்தில் போய் நின்றேன். தோள் பிதுங்கியது, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை; கையில் கோடரியோடு ஒருவர் நைட்டியில் பால் வாங்க வந்தது போல இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

வங்கிக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் உள்ளே வந்த சார் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன தம்பி இது கோலம்?"

"வீட்ல குடுத்தாங்க சார்," என்று அடித்தேன். "எனக்கு அளவு சரியா இருக்காம்."