ஸ்டெல்லா வீட்டை விட்டுப் போகும் காட்சி

பக்கத்து வீட்டு ரம்யா, கல்லூரிக்காக எடுத்த படத்தின் தொடக்கத்தைக் கைபேசியில் காட்டினாள். பழைய கேமரா ஓடும் கரகர ஓசையை அதில் சேர்த்திருந்தாள்.

அறுபதுகளில் அந்த ஓசை என் காதோரம் ஓடியது. பம்பாய் மாதுங்காவில் பள்ளி இறுதியாண்டு படித்தபோது, மாமாவின் சாவி கொடுக்கும் கேமராவை இரவல் வாங்கி நாங்களும் ஒரு படம் தொடங்கினோம். கதாநாயகி பெட்டியோடு வீட்டை விட்டுப் போவதுதான் முதல் காட்சி. நடித்தவள் என் தோழி ஸ்டெல்லா. தாராவியில் அவள் வீட்டுச் சந்திலேயே எடுத்தோம். தண்ணீர் பிடிக்கப் போயிருந்த அவள் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்தவர் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து பெட்டியைப் பற்றினார்.

"ஏட்டி, எங்க போற? நான் என்ன கொறை வச்சேன்?"

"இது சினிமாம்மா!" என்றாள் ஸ்டெல்லா. அம்மா காதில் அது ஏறவில்லை. மகளின் காலைப் பிடிக்கக் குனிந்தார். ஸ்டெல்லா என்னிடம், "நிப்பாட்டு!" என்று கத்தினாள். படச்சுருள் தீரும்வரை நான் நிறுத்தவில்லை.

எடுத்தவரை பள்ளியில் திரையிட்டபோது எல்லாரும் கைதட்டினார்கள். ஒலியில்லாத படம் என்பதால், அம்மா அழுததை நடிப்பென்றே நினைத்தார்கள்.

"எங்கம்மா அழுகதப் பாத்து கைதட்டுதாங்க. நீயும் சிரிச்சுட்டு நிக்கே" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா போய்விட்டாள். பிறகு அவள் என்னோடு பேசவேயில்லை. படத்தையும் நாங்கள் முடிக்கவில்லை.

"எப்படி இருக்கு மாமி?" என்றாள் ரம்யா.

"நன்னா எடுத்திருக்கே. இதுல நடிச்ச பொண்ணு உன்னோட இன்னும் பேசறாளா?" என்று கேட்டேன்.