கப்பலுக்குப் போன காய்

மழை பொய்த்து, ஏரியில் மீனும் அற்றுப்போன வருடம் அது. பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்த உலாந்தா வெள்ளைக்காரர்கள் கப்பலுக்கு ஆள் எடுத்தார்கள். சோறு கிடைக்குமென்று என் தம்பியும் சம்மதித்துவிட்டான். அப்படிப் போன யாரும் திரும்பியதில்லை.

அவன் போவதற்குள் ஒரு பழமாவது தின்னட்டும் என்று குடிசைக்குப் பின்னால் மணலில் தர்பூசணி போட்டோம். விதை இரண்டு வகை இருந்தது. சின்னது சீக்கிரம் பழுக்கும். வரிபோட்ட பெரியது தாமதமாகும், ஆனால் தேனாய் இனிக்கும்.

"சித்திரையிலதானே கப்பல் கெளம்பும்? பெரிசே போடலாம்டா" என்றேன் நான்.

பங்குனியிலேயே காற்று திரும்பிவிட்டதென்று அவனை அழைத்துப்போகப் படகு வந்துவிட்டது. தோட்டத்துக்கு ஓடி ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுகூடப் பழுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தம்பி குனிந்து ஒரு காயை அறுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். "இன்னாத்துக்கு அழுவுறக்கா? கப்பல்ல வெச்சா பழுத்துடும்."

கொடியிலிருந்து அறுத்த தர்பூசணி அதற்குமேல் பழுக்காது. அது அவனுக்கும் தெரியும்.

"பழுத்துடும்டா" என்றேன்.

சின்னதைப் போட்டிருந்தாலும் அவனை நான் தடுத்திருக்க முடியாது. ஒரு துண்டு தின்றுவிட்டுப் போயிருப்பான், அவ்வளவுதான்.