அதிர்வுத் தொட்டியில் இருபது நிமிடம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஆமை என்று பேர். பன்னிரண்டு வருடமாகப் பிளாஸ்டிக் மாதிரிகளைப் பிரித்துப் பார்க்கிறாள், ஒருநாளும் பதறியதில்லை. பிளாஸ்டிக் என்பது கண்ணுக்குத் தெரியாத சங்கிலிகளின் கூட்டம். அதைத் திரவத்தில் கரைத்து, நுண்துளை மணிகள் அடைத்த எஃகுக் குழாய்க்குள் செலுத்துவாள். நீளச் சங்கிலி துளைக்குள் நுழைய முடியாமல் நேரே ஓடி முதலில் வந்துவிடும். குட்டைச் சங்கிலி ஒவ்வொரு துளையாக எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வரும். “வேலையத்தவன் கடைவீதிக்குப் போன மாதிரி” என்பாள்.

அன்று மேலாளர் வாசலிலேயே நின்றார். “சரக்கேத்த லாரி நிக்குது. மத்தியானத்துக்குள்ள ரிசல்ட் வேணும். ஆமை நடை இன்னிக்கு வேண்டாம்மா.”

மாதிரி ஒரு நாள் முழுக்க அசையாமல் ஊற வேண்டும். அவளோ, கண்ணாடிக் குப்பிகளைக் கழுவும் அதிர்வுத் தொட்டியில் அதை இருபது நிமிடம் வைத்தாள். கரைந்துவிட்டது.

சங்கிலிகள் வெளிவரும் நேரத்தைக் காட்டும் வரைபடத்தில் மேடு தாமதமாக எழுந்தது. சங்கிலியெல்லாம் குட்டை, சரக்கு கெட்டது. பிளாஸ்டிக் உருக்கும் உலையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சூட்டை ஏற்றிச் சங்கிலிகளை உடைத்துவிட்டார் என்று முடிவாயிற்று. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

அவர் நேரே அவளிடம் வந்தார். “ஏம்மா, ஒரு டிகிரி ஏறல. உன் மிஷின் என்னமோ உளறுதே?”

“மிஷின் பொய் சொல்லாதுண்ணே.”

சொல்லிவிட்டு அவள் அன்றைய வரைபடங்களை மறுபடி புரட்டினாள். மிஷினைச் சரிபார்க்கக் காலையில் ஓட்டிய, நீளம் தெரிந்த அளவு மாதிரி சரியான நேரத்துக்குத்தான் வந்தது. சங்கிலிகள் குட்டை என்பதும் உண்மை. ஆனால் உடைத்தது உலையா, தொட்டியா? அதிர்வு நீளச் சங்கிலியை அறுத்துவிடும் என்று சுவரில் எழுதி ஒட்டியதே அவள்தான்.

மேலாளர் அறைக்குப் போனாள். “சார், தப்பு என்னோடது. தொட்டியில வச்சுட்டேன்.”

“எழுதிக் குடுத்தா உன் ஃபைல்ல ஏறும். யோசிச்சுக்கோ.”

“யோசிச்சாச்சு சார். லாரி ஒரு நாள் நிக்கட்டும். அண்ணனும் நாளைக்கு வரட்டும்.”

புதுக் குப்பி மறுநாள்வரை அலமாரியில் அசையாமல் கிடந்தது. இம்முறை மேடு உரிய நேரத்தில் எழுந்தது. சரக்கு நல்லது. அறிக்கையின் முதல் வரியிலேயே தன் தவற்றை எழுதிக் கையெழுத்திட்டாள்.

உலைக்கார அண்ணன் எட்டிப் பார்த்தார். “என்ன ஆமை, முயல் வேஷம் போட்டியாமே?”

“வேஷம் போட்டது நான். கால் ஒடியப் பாத்தது உங்களுக்குண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. “இனிமே போடாத” என்று சொல்லிவிட்டு உலைப் பக்கம் நடந்தார்.