மூன்று மாதத்துச் சீனி

தேவராஜாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது நோபிள் பார்க்கில் அவரோடு ஒரே வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. அவர்கள் முந்திய அகதிப் படகுகளில் இந்த நாட்டுக்கு வந்தவர்கள்; வேலை செய்ய அனுமதி உண்டு. விடியவே கிளம்பிவிடுவார்கள். சட்டம் மாறியபின் 2012 கடைசியில் வந்த இவருக்கு அந்த அனுமதி இல்லை. பருத்தித்துறையில் முப்பது வருடம் மீன் விற்ற மனிதர், பகல் முழுவதும் குசினிக் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் இலவச உணவுப் பை கொடுத்தார்கள். வெள்ளைப் பாண், நூடில்ஸ், ஜாம், பிஸ்கட், தகர ரின்னில் அடைத்த, பாகில் ஊறிய பழம். கொடுத்தவர்கள் நல்ல மனிதர்கள், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் சீனி வருத்தக்காரனைக் கொல்ல யாராவது திட்டம் போட்டிருந்தால், அதைவிடத் திறமான பை ஒன்றைக் கட்டியிருக்க முடியாது. மரக்கறியும் மீனும் டாண்டினோங் சந்தையில் இருந்தன. அங்கே நடந்து போய், மீனின் செவுளைப் பார்த்து, நல்ல மீன்தான் என்று தனக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்புவார். பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை.

நோய்க்கு அவர் பயப்படவில்லை. வருத்தக்காரன் இந்த நாட்டுக்குச் செலவு, செலவு வைக்கிறவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தடுப்பு முகாமில் யாரோ சொன்னதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அதனால் இலவசக் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் நாளுக்கு முன் மூன்று நாள் பால் விடாத பிளேன்ரீ மட்டும் குடித்தார், அதுவும் சீனி போடாமல். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

அடுத்த கிழமை முடிவு வந்தது. தாதி நிரஞ்சினியும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைதான். தாளில் அன்றைய சீனி குறைவாகவும் கீழே இன்னொரு எண் கூடவும் இருந்தது. இரண்டு தரம் பார்த்தாள்.

"அங்கிள், சோதிக்க முதல் பட்டினி கிடந்தனீங்களோ?"

"மூண்டு நாள். வெறும் பிளேன்ரீ."

"இது மூண்டு மாசத்துச் சீனியைக் காட்டுற சோதனை. மூண்டு நாள் பட்டினி கிடந்து இதை ஏமாத்தேலாது."

"செலவு வைக்கிற ஆள் எண்டு விசாக்காரருக்கு எழுதிப்போடாதைங்கோ, பிள்ளை."

நிரஞ்சினி தன் கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். இந்தத் தாள் விசாக்காரரிடம் போகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இப்போது ஒழுங்காகச் சாப்பிட்டால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும், அவை பழுதானால்தான் எல்லாருக்கும் செலவு என்றாள். பிறகு, என்ன சாப்பிட வேண்டும் என்று தமிழில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். அவருக்குப் பயம் போய்விட்டது. பயம் இருந்த இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது.

பின்னேரம் மனைவி இரஞ்சிதம் ஊரிலிருந்து ஃபோன் எடுத்தாள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் எப்போதும் முதல் கேள்வி. நாளுக்கொரு கறியாகப் பொய் சொல்லிச் சொல்லி அவரிடம் கறிகள் தீர்ந்துபோயிருந்தன. மேசையில் பாணும் ஜாமும் இருந்தன. சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து விரித்தார்.

"சிவப்பரிசிச் சோறு கொஞ்சம், மீன், கீரை, போஞ்சி."

"மீன் நல்லதோ?"

கிளினிக்குக்குப் போகிற வழியில் சந்தையில் பார்த்த மீன் நினைவுக்கு வந்தது.

"ஓம். செவுள் நல்ல சிவப்பு."

அப்படியென்றால் தனக்குக் கவலையில்லை என்று இரஞ்சிதம் சொன்னாள். அவர் தாளின் கடைசி வரிக்கு வந்திருந்தார். முடிந்தவரை குடும்பத்தோடு சேர்ந்திருந்து சாப்பிடவும் என்று அதில் போட்டிருந்தது. அதை மட்டும் அவர் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை.