ஒரே ஒரு ஆளு அழுவணும்

சொந்தமா படம் எடுக்கறதுன்னா, நம்ம வூட்டு கல்யாணத்துக்கு நாமளே மாப்ள, நாமளே சமையக்காரன், கடைசியில எச்சில எடுக்கறவனும் நாமளேதான். இத படிக்கிறவங்கள்ல யாராவது கேமராவ தூக்கிக்கிட்டு அலைஞ்சி பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கின ஆளு இருந்தா, பக்கத்துல வந்து குந்துங்க. நாமெல்லாம் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே வார்டு.

நான் எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டினவன். திருப்பாதிரிப்புலியூர்ல கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டு ஒழுங்காத்தான் இருந்தேன். ரெண்டாயிரத்து ஏழு வாக்குல டைரக்டர் ஆவற வியாதி வந்துச்சு. மெட்ராசுக்கு போவல, எந்த டைரக்டருக்கும் டீ வாங்கித் தரல. இருக்கிற கல்யாணக் கேமராவே போதும்னு எறங்கிட்டேன்.

பந்தயம்

எங்க மாமா, அதாவது என் பொண்டாட்டியோட அப்பா, பெண்ணாடத்துல சக்கர மில்லுல வேல பாத்து ரிட்டயரானவரு. எங்கம்மாவுக்கு கூடப்பொறந்த தம்பியும் அவருதான். அதனால மருமவன்னு மரியாதையெல்லாம் கெடையாது, வாடா போடாதான். அவரு மவன் பாபு செம்மங்குப்பத்துல ஒரு கெமிக்கல் கம்பெனியில ஷிப்டுக்கு போறான். என்னையும் அங்கயே கோத்துவுட்டுடணும்னு மாமா ஆள் பாத்து பேசியே வச்சிட்டாரு.

நான் போயி கதைய சொன்னேன். ஊதாரி மவன், தங்கமான அப்பா, கடைசியில அப்பா செத்துப்போறாரு, ஊரே அழுவுது. மாமா பல்லு குத்திக்கிட்டே கேட்டாரு. "எடுடா. எடுத்து நாலு பேருக்கு போட்டுக் காட்டு. ஒரே ஒரு ஆளு அழுவட்டும், நீ டைரக்டருன்னு நான் ஒத்துக்கறேன். ஒருத்தனும் அழுவலன்னா மறுநாளே காக்கிச் சட்டைய மாட்டிக்கிட்டு கம்பெனி பஸ்சுல ஏறணும். அதுக்கப்புறம் கேமராவ தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்"னாரு.

சரின்னு தலையாட்டிட்டு, பாபுதான் மவன், அப்பா வேஷத்துக்கு நீங்கதான் மாமான்னேன். பல்லு குத்தின குச்சிய வீசிட்டு சொன்னாரு: "நடிக்கிறேன். ஆனா சாவும்போது பட்டு வேட்டிதான் கட்டுவேன்."

பழைய பாக்கி

மொத நாள் ஷூட்டிங்கு மார்க்கெட்டு தெருவுல. பாபு குடிச்சிட்டு தள்ளாடிக்கிட்டு வரணும், சனங்க அவன பாத்து மூஞ்சிய சுளிக்கணும். ஆனா அந்தத் தெருவுல பாதி கல்யாணம் நான் எடுத்தது. பாபுவ எவன் பாத்தான்? என் கேமராவ பாத்ததும் அவனவன் தலைய சீவிக்கிட்டு வெறப்பா நின்னுட்டான். ஒரு பெருசு அட்சத போடற மாதிரி கையவே தூக்கிடுச்சு.

போதாததுக்கு ஒரு மீன்கார அக்கா கூடைய நடுத்தெருவுல எறக்கி வச்சிட்டு கேமராவ மறிச்சிக்கிட்டாங்க. நவுருக்கா, படம் எடுக்கறோம்னேன். இடுப்புல கைய வச்சாங்க: "டேய் வீடியோ, என் பொண்ணு கல்யாண கேசட்டுல பந்தக்கால காட்டின, பக்கத்து வூட்டு நாய காட்டின, பெத்தவ என்னைய ஒரு தடவ காட்டினியா? இப்ப காட்டு, அப்பதான் கூடைய எடுப்பேன்."

ரயிலடி காதல்

ஹீரோயின் ரோஸி. சிதம்பரத்துல டைப்ரைட்டிங் படிச்சிக்கிட்டிருந்த பொண்ணு. சர்ச்சுல கிறிஸ்மஸ் நாடகத்துல தேவதையா நின்ன அனுபவம் இருந்துச்சு. காதல் சீன சிதம்பரம் ஸ்டேஷன் பெஞ்சுல வச்சேன். பாபு ஷிப்டு முடிச்சி அப்படியே பஸ் ஏறி வந்துட்டான். கம்பெனி வாடை அவனுக்கு முன்னாடியே வந்து பெஞ்சுல எடம் புடிச்சிடுச்சு.

நான் எழுதின வசனம், ரோஸி அவன் தோள்ல சாஞ்சிக்கிட்டு, "ஒங்க வாசம் ஒண்ணு போதும், நான் காலம் பூரா இருந்துடுவேன்"னு சொல்லணும். அந்தப் பொண்ணும் சாஞ்சி சாஞ்சி பாக்குது, கண்ணுல தண்ணி ஊத்துது, வார்த்த வரல. நான் உருகிட்டேன். ஆகா, என்னா நடிப்புடான்னு கட் சொல்லாம எடுத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில எழுந்து ஓடிப்போயி கொழாயில மூஞ்சி கழுவிட்டு வந்து சொல்லுச்சு: "அண்ணே, வசனத்த மாத்துங்க, இல்லன்னா இவர குளிப்பாட்டுங்க. ரெண்டுல ஒண்ணு நடந்தாத்தான் நான் ஒக்காருவேன்."

நல்ல சாவு

சாவு சீன மாமா வூட்டு வாசல்லயே எடுத்தோம். பந்தலு, மோளம், மூக்குல பஞ்சு, பட்டு வேட்டி எல்லாம் ரெடி. அத்தை மட்டும், "குத்துக்கல்லு மாதிரி இருக்கிற மனுசனுக்கு நான் அழமாட்டேன்"னு மொறச்சிக்கிட்டாங்க. சும்மா குந்துனா போதும்னு ஒக்கார வச்சேன். பஞ்சு வச்ச மூக்க பாத்ததும் அவங்களுக்கு சிரிப்பு வந்துடுச்சு. முந்தானையால வாய பொத்திக்கிட்டு குலுங்கறாங்க. நான் முதுகுப் பக்கமா போயி எடுத்தேன். பின்னாடியிலேர்ந்து பாத்தா அழுவுற தோளும் சிரிக்கிற தோளும் ஒண்ணுதாங்க. பாபு ராத்திரி ஷிப்டு முடிச்சி வந்தவன், அப்பா கால கட்டிக்கிட்டு கதறுடான்னா, கட்டிக்கிட்டு தூங்கிட்டான்.

பந்தல பாத்துட்டு, மாமாகூட மில்லுல வேல செஞ்ச கோவிந்தன் நெசமாவே மாலையோட ஓடியாந்துட்டாரு. "போயிட்டியாடா"ன்னு மேல வுழுந்தாரு. மாமா ஒரு கண்ண தொறந்து, "மாலைய கால்ல போடுடா, கழுத்துல குத்துது"ன்னாரு. அலறிக்கிட்டு ஓடின கோவிந்தன் தெருக்கோடியிலதான் போயி நின்னாரு.

சினிமாவுல ஒரு வழக்கம் இருக்கு. பொணமா நடிச்ச ஆளு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி கேமராவ பாத்து சிரிக்கணும், அப்பதான் தோஷம் கழியும். அந்த சிரிப்ப படத்துல வைக்க மாட்டாங்க, வெட்டிடுவாங்க. மாமாவும் மூக்குல பஞ்சோட, வெத்தல பல்லு அத்தனையும் தெரிய சிரிச்சாரு, கண்ணு வேற அடிச்சாரு. முடிஞ்சிச்சு, எழுந்திரிங்கன்னேன். "இன்னொரு தடவ சிரிக்கிறேன் எடு, தோஷம் கொஞ்சம் மிச்சம் இருந்துடப் போவுது."

சாதிக்கோட சத்தியம்

எடிட்டிங்கு பரங்கிப்பேட்டை சாதிக்கு. நம்ம கல்யாண கேசட்டெல்லாம் அவன்தான் வெட்டி ஒட்டுவான். தங்கமான பையன், ஆனா கல்யாணத்த தவிர வேற எதையும் வெட்டினதில்ல. சண்டை சீன்ல மேலேர்ந்து ரோஜாப்பூ கொட்டவிட்டிருந்தான். அத எடுக்கச் சொன்னதுக்கு, "வெறிச்சுன்னு இருக்குமேண்ணே"ன்னு கவலப்பட்டான்.

எங்க தொழில்ல ஒரு சட்டம் உண்டு, அவனுக்கு கத்துக்குடுத்ததே நான்தான்: சிரிச்ச மூஞ்சி எதையும் வெட்டக்கூடாது. வெட்டினா அந்த மூஞ்சிக்காரன் சொந்தத்தோட சண்டைக்கு வருவான். சாவு சீன் மட்டும் பாக்கி இருந்துச்சு. படம் போட மண்டபம் புடிக்கிற அவசரத்துல, பாத்து செய்டா, என் வாழ்க்கையே அதுலதான் இருக்குன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். அவன் வாசல் வரைக்கும் வந்து சொன்னான்: "கவலயே படாதண்ணே, நீ சொன்ன சட்டத்த நான் எந்தக் காலத்துலயும் மீற மாட்டேன்."

ஆடி மாச ரிலீசு

எந்த தியேட்டர்காரன் தருவான்? ஆடி மாசம், கல்யாணமில்லாம சிதம்பரத்துல ஒரு மண்டபம் சும்மா கெடந்துச்சு, பழக்கத்துல வாங்கிட்டேன். செவுத்துல வேட்டிய கட்டி படத்த ஓட்டினோம். மொத வரிசையில மாமா. மடியில மஞ்சப்பை. பையில எனக்குன்னு புதுசா தச்ச காக்கிச் சட்டை, கையோட எடுத்தாந்துட்டாரு மனுசன்.

சாவு சீன் வந்துச்சு. மண்டபமே கம்முன்னு ஆயிடுச்சு. அத்தை தோளு குலுங்குது, பாபு கால விடவேமாட்டேங்கறான். மூணாவது வரிசையில ஒரு பாட்டிம்மா முந்தானைய கண்ணுகிட்ட கொண்டு போனாங்க. அழு தாயி, அழுன்னு நான் வேண்டிக்கிறேன். அந்த நேரம் பாத்து பொணம் கண்ண தொறந்து, பல்ல காட்டி சிரிச்சி, கண்ணடிச்சிச்சு. தோஷம் மிச்சம் இருக்கக்கூடாதுன்னு எடுத்தமே, அதயும் சேத்து ரெண்டு தடவ! மண்டபமே வெடிச்சிடுச்சு. பாட்டிம்மா முந்தானைய வாயில அடைச்சிக்கிட்டு உருளுறாங்க. சாதிக்கு தூரத்துலேர்ந்து கட்டவெரல தூக்கிக் காட்டறான்.

செத்தேன்னு நெனச்சி, மஞ்சப்பைய வாங்க மாமாகிட்ட போனேன். துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டு குலுங்கறாரு. நீங்களுமா மாமான்னு துண்ட இழுத்தா, கண்ணுலேர்ந்து தாரை தாரையா ஊத்துது. "நான் செத்துக் கெடக்கறேன், ஒரு நாயாவது அழுவுதா பாருடா! பெத்த புள்ள தூங்கறான், கட்டினவ சிரிக்கிறா, ஊரே கைதட்டுது!"ன்னு தேம்பித் தேம்பி அழறாரு. நான் மெதுவா குந்தி, "ஒரே ஒரு ஆளுன்னுதான மாமா சொன்னீங்க?"ன்னேன்.

மாமா அழுவறத நிறுத்தினாரு. மூக்க சிந்தினாரு. மஞ்சப்பைய நீட்டி, பொறந்ததுலேர்ந்து மொத தடவையா எனக்கு மரியாத குடுத்து சொன்னாரு: "இத பாபுகிட்ட குடுத்துடுங்க டைரக்டரே, அவனுக்கு மாத்துச் சட்டையாவது ஆவட்டும்."

ஆக, நம்ம வார்டு சனங்களுக்கு என் அனுபவத்துல சொல்றது இதுதான்: படம் பாக்கற ஆளு கண்டிப்பா அழுவணும்னா, அந்த ஆளையே படத்துல சாவடிச்சிடுங்க.