வடிச்சியா?

கடைசியாக அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த வேலை சோறு வடித்தது. ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டரை. போன வருஷம் வலது மணிக்கட்டு முறிந்து கூடியதிலிருந்து மகளால் பானையைத் தனியாகச் சாய்க்க முடியாது. அவள் இடது கையால் ஒரு பக்கம் பிடிப்பாள். அப்பா மறுபக்கம் பிடித்து, கரித்துணியால் மூடியை அழுத்திக்கொள்வார். "மெதுவா, மெதுவா. அவசரப்பட்டா சோறும் சேர்ந்து போயிடும்" என்பார். ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தை. கஞ்சி தொட்டியில் இறங்கும். ஆவி இருவர் முகத்திலும் அடிக்கும்.

அன்றைக்கு ஆவிக்கு நடுவே இன்னொரு வாசனையும் வந்தது. அப்பாவின் சட்டைக் கையிலிருந்து. மகளுக்கு அது பத்து வயதிலிருந்தே தெரிந்த வாசனை. மூடியைப் பிடித்திருந்த கையையே பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்காததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

அப்பா மதுவரித் துறையின் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, உயரமான கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, அதில் மானியை மிதக்கவிட்டு, வீரியம் எத்தனை என்று சொல்வது அவர் வேலை. மானி என்பது அடியில் ஈயக் குண்டு வைத்த கண்ணாடிக் குழாய். தண்டில் கோடுகள் இருக்கும். மது வீரியமாக இருந்தால் ஆழமாக அமிழும். தண்ணீர் கூடினால் தூக்கி நிற்கும். கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிகிரி என்பார்கள். "காலேஜ் வாசலை மிதிக்காமலே டிகிரி வாங்கினவன்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அவர் நம்பியது மானியை மட்டும். காய்ச்சல் வந்தால் டாக்டரின் வெப்பமானியைத் தன்னுடையதோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் மாத்திரை விழுங்குவார். மகளுக்கும் அதே ரத்தம். கடைத்தராசு, மருந்துத்தராசு இவற்றைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அவள் தொழில்நுட்பர். ஒருவர் ஒரு கிலோ என்றால், எந்தத் தராசில் என்று கேட்பவள்.

கிடங்கில் எல்லோரும் குடித்தார்கள். மாதிரிக்கு எடுத்ததைத் திருப்பி ஊற்றும் வழக்கம் இல்லை. அப்பாவும் குடித்தார். வீட்டுப் பாட்டிலில் அம்மா பேனாவால் கோடு போட்டு வைப்பாள். அப்பா குடித்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, கோட்டுக்குச் சரியாக நிறுத்தி வைப்பார். அதைக் கண்டுபிடித்தது பன்னிரண்டு வயது மகள். அவருடைய மானியைக் கொண்டே. "அம்மா, இது பதினெட்டுதான் காட்டுது." அம்மா சிரிக்கவில்லை. அப்பாதான் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கே வேட்டு வச்சிட்டாடி என் பொண்ணு!"

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கை நடுங்கி, துறை முத்திரை போட்ட மானியைக் கீழே போட்டு உடைத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இனிமே தொட மாட்டேன்" என்றார். யார் தலையிலும் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. அம்மா அதை நம்பாமலே ஐந்து வருஷம் இருந்துவிட்டு இறந்துபோனாள். மகள் நம்பினாள். அதாவது, அவர் வெளியே போய்விட்டு வந்ததும் பக்கத்தில் போய் ஒருதடவை மூச்சை இழுத்துப் பார்க்கும் அளவுக்கு நம்பினாள். அவருக்கும் அது தெரியும். செருப்பைக் கழற்றும்போதே, "ஊதட்டுமா?" என்பார். இருவரும் சிரிப்பார்கள். அவள் மூச்சை இழுத்துவிட்டுத்தான் சிரிப்பாள்.

மூன்று மாதமாக ஊரெல்லாம் மது வரிப் பேச்சு. இதுவரை பாட்டிலின் விலைக்கு வரி. இனி உள்ளே இருப்பதன் வீரியத்துக்கு வரி, வீரியம் ஏற ஏற வரியும் ஏறும் என்று அரசாங்கம் சொன்னது. தினமும் சாயங்காலம் தொலைக்காட்சியில் நாலு கட்டத்தில் நாலு முகம். வியாபாரிகள் சங்கத்துக்காரர், வரி ஏறினால் கள்ளச்சரக்கு வரும், வேலை போகும் என்றார். பெண்கள் சங்கத்து அம்மாள், ஏறினால்தான் சம்பளம் வீடு வந்து சேரும் என்றார். அரசாங்க அதிகாரி, கஜானாவுக்கு எத்தனை கோடி வரும் என்று கணக்குச் சொன்னார். டாக்டர் ஈரலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் விளம்பரம் வந்தது.

"இவன் கடைக்காரனுக்குப் பேசறான். அவன் கஜானாவுக்குப் பேசறான். டாக்டர் ஒருத்தர்தான் உள்ளதைச் சொல்றாரு, அவரை முடிக்கவிட மாட்டேங்கறாங்க பாரு" என்றார் அப்பா.

"நீங்க யாருக்குப்பா பேசறீங்க?"

"நான் மானிக்குப் பேசறேன். வீரியத்துக்கு வரிங்கறாங்களே, வீரியம் எத்தனைன்னு யாரு சொல்றது?"

"லேபிள்ல போட்டிருக்கே."

"லேபிள் யாரு ஒட்டறா?"

குடியை விட்ட மனிதர் நாள் முழுக்கக் குடியைப் பற்றியே பேசுகிறாரே என்று மகளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. இதற்கிடையில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். அப்பா விண்ணப்பம் போட்டார். சீட்டு வந்தது. சனிக்கிழமை, வரிசை எண் பதினேழு, மூன்று நிமிஷம்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் சட்டைக் கையில் வாசனை வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் போனது. மகள் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தாள். அப்பா இல்லை. நேராக அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பழைய சூட்கேஸுக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில். அடர்ந்த நிறத்தில், தித்திப்புச் சேர்த்த மலிவுச் சரக்கு. ஒன்று முத்திரை உடையாதது. மற்றது திறந்து, பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. லேபிளில் முப்பத்தாறு.

அலமாரியிலிருந்து மானியை எடுத்தாள். ஊற்றினாள். வெப்பநிலை பார்த்தாள். அட்டவணைப்படி திருத்தம் போட்டாள். முப்பத்து மூன்று. மறுபடி அளந்தாள். முப்பத்து மூன்று. குடுவையில் இருந்ததைச் சொட்டு விடாமல் பாட்டிலில் திருப்பி ஊற்றினாள். உலை வைத்து அரிசியைப் போட்டுவிட்டு, பாட்டிலை மேஜைமேல் வைத்து உட்கார்ந்தாள்.

அப்பா ஒரு ரப்பர் குழாயைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இது என்னப்பா?"

"பாட்டில்."

"பாட்டில்னு எனக்கும் தெரியும். எத்தனை நாளா?"

"ஒரு வாரமா. சனிக்கிழமை கூட்டத்துக்காக..."

"ஓகோ. கூட்டத்துக்கு. குடிக்கிறதுக்கு இல்ல."

"குடிக்கலம்மா."

"அளந்து பாத்துட்டேன். லேபிள் முப்பத்தாறு. மானி முப்பத்து மூணு. நடுவுல மூணு எங்க போச்சு? பழைய வேலைதானே? குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வைக்கிறது?"

அப்பா கோபப்படவில்லை. கிடங்கில் ஒரு எண் சரியாக வராதபோது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டார்.

"வடிச்சியா?" என்றார்.

மகளுக்குச் சுருக்கென்றது. அடுப்பில் சோறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன கேக்கறீங்க? வெந்தா நானே வடிச்சுக்குவேன். பேச்சை மாத்தாதீங்க."

"அதில்லம்மா, நான் கேட்டது..."

"ஒண்ணும் வேணாம். ஊதுங்க."

பதினோரு வருஷத்தில் அவள் வாய்விட்டு அப்படிக் கேட்டதில்லை. அப்பா ஊதவில்லை.

"நீயே இப்படிப் பாத்தா, அங்க உக்காந்திருக்கிறவங்க எப்படிப் பாப்பாங்க" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "நல்லதுதான். எங்க சறுக்கும்னு தெரிஞ்சுது." பாட்டிலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

மகள் தனியாகச் சோறு வடித்தாள். மணிக்கட்டு தாங்கவில்லை. அவர் சொல்வதுபோலவே சோறும் சேர்ந்து போனது.

செவ்வாய்க்கிழமை இருவரும் பேசவில்லை. புதன்கிழமை காலை பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. இதயம். ஆஸ்பத்திரியில் மகள் அவர் முகத்தருகே குனிந்தாள். அழக் குனிகிறாள் என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசனைதான் வந்தது.

வியாழக்கிழமை துக்கம் கேட்க வந்தவர்களில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆய்வக உதவியாளரும் ஒருவர். எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை. கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. அந்தக் குடுவையும் குளிர்குழாயும்... திங்கக்கிழமை பிள்ளைங்களுக்குச் செய்முறைத் தேர்வு."

"எந்தக் குடுவை?"

"டிகிரி சார் வாங்கிட்டு வந்தாரே, வடிக்கிறதுக்கு."

"எதை வடிக்கிறதுக்கு?"

"சரக்கைத்தாம்மா. பின்ன, சோத்தையா வடிப்பாரு?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுவதாகச் சொல்லி மகள் அவரை அனுப்பினாள்.

சூட்கேஸில் எல்லாம் இருந்தது. உருண்டைக் குடுவை, ஆவியை ஆற்றித் துளியாக்கும் குளிர்குழாய், ரப்பர் குழாய், ஒரு மின்னடுப்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட சின்னச் சீசாக்கள், கழுத்துக் கோடு வரை தெளிந்த நீர் நிறத்தில். அவற்றின் மேல் ஒரு தாள், அப்பாவின் குண்டு எழுத்தில்.

"தித்திப்பும் நிறமும் சேர்த்த சரக்கில் மானியை நேராகப் போட்டால் 33. சர்க்கரைப் பாகு மானியைத் தூக்கிவிடும், வீரியம் குறைவாகத் தெரியும். காய்ச்சி வடித்து அளந்தால் 42. லேபிளில் 36. வரி 36க்கு. குடிக்கிறவன் வயிற்றுக்கு 42. வரியை உயர்த்துங்கள், நல்லது. ஆனால் வடித்து அளக்க ஆள் போடாமல் உயர்த்தினால் பாகுதான் ஏறும்."

அதற்குக் கீழே வேறு மையில், புதிதாக எழுதியது. "வடிக்காமல் அளந்தால் தண்ணீர் கலந்ததாகவே தோன்றும். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கே அப்படித் தோன்றியிருக்கிறது."

கடைசி வரி: "இரண்டாவது பாட்டிலின் முத்திரையைக் கூட்டத்தில், அவர்கள் முன்னால் உடைக்க வேண்டும். தனியாக உடைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்."

மகள் அந்தத் தாளையும் உடனே நம்பிவிடவில்லை. வெள்ளிக்கிழமை குளியலறையில், தண்ணீர்க் குழாயில் குளிர்குழாயைக் கோத்து, திறந்த பாட்டிலிலிருந்து நூறு மில்லி எடுத்து வடித்தாள். வடிந்ததைத் தண்ணீர் விட்டு மறுபடி நூறாக்கினாள். ஆற வைத்தாள். மானியை விட்டாள். அது சரசரவென்று இறங்கி, நாற்பத்திரண்டில் நின்றது. பாகு அவளைத்தான் ஏமாற்றியிருக்கிறது. தண்ணீர் ஊற்றிய சரக்கு நாற்பத்திரண்டு காட்டாது.

அளவையும் விடவில்லை. பாட்டில் எழுநூற்றைம்பது மில்லி. அப்பாவின் மூன்று சோதனைக்கு முந்நூறு. நானூற்றைம்பது இருந்திருக்க வேண்டும். அவள் வடிப்பதற்கு முன் அளந்தபோது நானூற்று நாற்பத்தாறு. நாலு மில்லி குறைந்தது. கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்வது அவ்வளவு இருக்கும். அது அவள் தொழில், அவளுக்குத் தெரியும். ஒரு தேக்கரண்டிகூட இல்லை. அந்த நாலு மில்லியை வைத்துக்கொண்டும் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை சீட்டையும் தாளையும் முத்திரை உடையாத பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள். கூட்ட மண்டபத்து வாசலில் ஒரு பக்கம் 'வரியை ஏற்று' அட்டைகள், மறுபக்கம் 'வரியை நிறுத்து' அட்டைகள். பாட்டிலைப் பார்த்ததும் நிறுத்துக்காரர் ஒருவர், "நம்ம ஆளு, வழிவிடுங்கப்பா" என்றார். ஏற்றுக்காரப் பெண்மணி, "காலங்காத்தாலேயே பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காவலாளி கையை நீட்டி மறித்தார். "என்னம்மா இது?"

"மது."

"மது வரிக் கூட்டத்துக்கு மதுவோடவேவா வருவாங்க?"

"இது சோதனை மாதிரிண்ணா."

"பிடிபட்டா எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க." லேசாக முன்னால் குனிந்து மூச்சை இழுத்தார். வெளியே தெரியாதபடிதான் செய்தார். ஆனால் பதினோரு வருஷம் அதையே செய்தவளுக்குத் தெரியாமல் போகுமா?

"ஊதட்டுமாண்ணா?" என்றாள்.

காவலாளிக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. "அட, அதுக்கில்லம்மா. பாட்டில் உள்ள போகாது. மேஜைமேல வச்சிட்டுப் போங்க. வரும்போது எடுத்துக்கலாம்."

"மூடிமேல ஒரு தாள் ஒட்டறேன். குறுக்கே கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"என்னை நம்பலையா?"

"எங்கப்பாவையே நம்பலண்ணா."

அவர் அவளைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். உள்ளே ஒலிபெருக்கியில் பதினேழு என்றார்கள்.

மூன்று நிமிஷத்தில் ஒரு நிமிஷம், பதினேழாம் எண்காரர் ஏன் வரவில்லை என்று சொல்வதற்கே போனது. மிச்சத்தில் தாளைப் படித்தாள், புது மையில் இருந்த வரி உட்பட. "அந்த ஆய்வுக்கூடத்துக்காரி நான்தான்" என்றாள். கூட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆதாரம்?"

"வாசல்ல இருக்குங்க. உங்க முன்னாலதான் உடைக்கணும்னு அப்பா எழுதியிருக்காரு. உள்ள விடல."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. "குறிச்சுக்கிட்டோம்" என்றார் தலைவர். பதினெட்டைக் கூப்பிட்டார்கள்.

"நான் தொடல, பாத்துக்கங்க" என்று காவலாளி பாட்டிலைக் கொடுத்தார். மகள் தாளைத் தடவிப் பார்த்தாள், கையெழுத்து குறுக்கே அறுபடாமல் இருக்கிறதா என்று. இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குடுவையையும் குளிர்குழாயையும் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். பாட்டில் அலமாரியில், மானிக்குப் பக்கத்தில் நிற்கிறது. முத்திரை அப்படியே இருக்கிறது. உடைக்க வேண்டும், நாலு பேர் முன்னால். அந்த நாலு பேர் யார் என்று அப்பா எழுதிவைத்திருந்தார். அவர்கள் பதினெட்டாம் எண்ணுக்குப் போய்விட்டார்கள்.